1996 மாடல் பென்ஸ் ஈ220 வாங்கலாமா?

கேள்வி: கோவையில் ஒரு டபிள்யூ124 (இந்த ஈ220 சேர்ந்த பென்ஸ் வரிசையின் குறியீடு) விலைக்கு வந்திருக்கிறது. பெட்ரோல், ஒரே ஓனர். கதவைச் சாத்தும்போது வரும் அந்தக் கனமான சத்தத்திலேயே மனசு பறிபோய்விட்டது. வீட்டில்தான் முறைக்கிறார்கள். எதையெல்லாம் பார்க்கணும்?

பதில் 1: முதலில் இன்ஜின் ஒயரிங். 90களின் நடுவில் வந்த இந்த வண்டிகளில் ஒயரின் மேலுறை சூட்டில் அப்பளமாக நொறுங்கும். பானட்டைத் திறந்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் ஒயரை லேசாக வளைத்துப் பாருங்கள். செம்பு தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்கத் தயங்காதீர்கள். ஏற்கெனவே மாற்றியாச்சு என்றால் பில்லைக் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பாதீங்க.

பதில் 2: ஆர்சி புதுப்பித்திருக்கிறதா? 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். பசுமை வரியும் உண்டு.

கேட்டவர்: ஆர்சி சரியாக இருக்கிறது சார். ஆனால் கிளம்பும்போது அடியிலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம்.

பதில் 1: ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் (கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டு) ரப்பர் டிஸ்க்காக இருக்கலாம். லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் விரிசல் தெரியும். இன்ஜினைத் தாங்கும் மவுண்டையும் அப்படியே பார்த்துவிடுங்கள். அது சரி, தினமும் ஆபீசுக்கா, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமா?