புதுப்பிப்பு: கொடை வீடியோ திறந்துவிட்டது, கடைசியில் பாடும் வாழ்த்தான வாழி மட்டும் போச்சு

போன வாரம் எழுதியிருந்தேனே, புளியரையில் அம்மன் கொடையன்று சித்தப்பா பாடிய வில்லுப்பாட்டு. என் போனில் 25 நிமிஷம் பதிவானதும் பழைய பேட்டரி பொட்டென்று அணைந்து, திறக்காமல் போன கோப்பு. கிடைத்துவிட்டது!

வீடியோக்களைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் நிரல் 'மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்' என்று சொல்லிவிட்டால் அதோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. நான் இரண்டு ராத்திரி கட்டினேன். எம்பி4 வீடியோ கோப்பில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் மூவ் ஆட்டம்; அதைப் பதிவு நிற்கும்போதுதான் போன் எழுதும். இங்கே எழுதவே இல்லை. 3 ஜிபி சரக்கு உள்ளே கிடக்கிறது, வழிதான் தெரியாது.

காப்பாற்றியது அன்ட்ரங்க், இப்படிப் பாதியில் நின்ற வீடியோவைச் சரிசெய்யும் நிரல். மாதிரிக்கு ஒரு நல்ல வீடியோ கேட்கும். தங்கச்சி போனில் எடுத்ததைக் கொடுத்தேன், வெறும் பச்சைக் கட்டங்கள். அப்புறம்தான் உறைத்தது: அதே போன், அதே அமைப்பு வேண்டும். வாசலில் நின்ற ஆட்டுக்குட்டியை என் போனில் 1 நிமிஷம் எடுத்துக் கொடுத்தேன், சித்தப்பா வந்துவிட்டார்.

பிறகும் ஒரு வம்பு. வில்லடிக்கிற வீசுகோல் நாணில் விழுந்து எழும்பின பிறகுதான் மணிச்சத்தம் கேட்டது. இதற்கு எஃப்எஃப்எம்பெக் போதும். ஒரே கோப்பை இரண்டு தடவை உள்ளீடாகக் கொடுத்து, நேரத்தைத் தள்ளிவைக்கும் 'ஐடிஎஸ்ஆஃப்செட்' கட்டளையைப் போட்டு ஒலியை மட்டும் 0.6 விநாடி முன்னால் இழுத்தேன். உள்ளதை அப்படியே நகலெடுக்கும் 'காப்பி' கொடுத்ததால் மறு என்கோடிங் இல்லை, சீக்கிரமே முடிந்தது.

போன் அணைந்த பிறகு பாடிய வாழி கிடையாது. சித்தப்பாவிடம் சொன்னேன். "அடுத்த கொடைக்குப் பாடுதேன், நீ சார்ஜ் போட்டுட்டு வால" என்றார்.