வாழைத்தண்டும் சாணமும் எரிவாயுக் குழாய்க்குப் போகுமா?

வினா: சேரன்மகாதேவி உழவர்

எங்கள் பக்கத்தில் கார், பிசானம் என இரு போகம் நெல்லும், களக்காடு வரையில் வாழையும் விளைகின்றன. குலை வெட்டிய பின் தண்டுகள் வரப்போரத்தில் அழுகிக் கிடக்கின்றன. நகர எரிவாயு நிறுவனங்கள் தாம் விற்கும் சிஎன்ஜியிலும் வீட்டுக் குழாய் எரிவாயுவிலும் 2025-26இல் 1 விழுக்காடு, 2028-29 முதல் 5 விழுக்காடு உயிரி எரிவாயுவைக் கலக்க வேண்டும் என்று 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. இதை நம்பி எங்கள் உழவர் உற்பத்தியாளர் குழு ஓர் ஆலை தொடங்க எண்ணுகிறது. வாயுவை உருளைகளில் அடைத்து விற்பதா, குழாயிலேயே செலுத்துவதா? அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: பாளையங்கோட்டை, வேதிப் பொறியாளர்

அண்ணாச்சி, முதலில் வாயுவின் தரத்தைப் பாருங்கள். சாணமும் கழிவும் காற்றின்றி நொதிக்கும் மூடிய தொட்டியான கலனிலிருந்து வரும் வாயுவில், எரியும் பகுதியான மீத்தேன் 55 முதல் 60 விழுக்காடுதான் இருக்கும். மீதி பெரும்பாலும் கரியமில வாயு, அதோடு சிறிதளவு ஹைட்ரஜன் சல்பைடு. உயிரி எரிவாயுவுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 16087இன்படி மீத்தேன் குறைந்தது 90 விழுக்காடு இருக்க வேண்டும். அந்த ஹைட்ரஜன் சல்பைடைக் குறைக்கக் கலனுக்குள் சிறிது காற்றைச் செலுத்துவது மலிவான வழி என்று பலர் சொல்வார்கள்; குழாய்க்கு அனுப்பும் எண்ணமிருந்தால் அதைச் செய்யாதீர்கள். காற்றோடு நுழையும் நைட்ரஜன், நீரால் கழுவிக் கரியமில வாயுவை நீக்கிய பிறகும் மீத்தேனுடனேயே தங்கி அதன் விழுக்காட்டைக் குறைத்துவிடும். கலனுக்குள் இருக்கும் கழிவுக் கரைசலில் இரும்பு உப்பைச் சேர்ப்பதும், இரும்பு ஆக்சைடு படுகை வழியே வாயுவைச் செலுத்துவதும் செலவு கூடுதலானாலும் சரியான முறைகள்.

பதில்: அம்பாசமுத்திரம், வேளாண் ஆலோசகர்

மூலப்பொருள் கணக்கில்தான் பல திட்டங்கள் சறுக்குகின்றன. ஏறத்தாழ 25 கிலோ பச்சைச் சாணத்திலிருந்து 1 கன மீட்டர் வாயு கிடைக்கும். அப்படியானால் ஒரு டன் சாணத்துக்கு 40 கன மீட்டர்; அதைச் சுத்திகரித்தால் கிடைப்பது சுமார் 15 கிலோ மீத்தேன், அதாவது ஏறக்குறைய ஒரு வீட்டு சிலிண்டர் அளவு. நாளொன்றுக்கு 2 டன் எரிவாயு வேண்டுமென்றால் 130 டன்னுக்கு மேல் சாணம் தினமும் வந்தாக வேண்டும். தொழுவம் தொழுவமாகச் சென்று அவ்வளவையும் சேர்ப்பது எளிதன்று.

வைக்கோலை நம்ப வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நம் ஊரில் அது கழிவு அன்று. மாட்டுக்குத் தீவனம், லாரியேறிக் கேரளத்துக்கும் போகும் சரக்கு. அறுவடை முடிந்த சில வாரங்களில் விலை ஏறிவிடும். வாழைத்தண்டிலோ பத்தில் ஒன்பது பங்கு நீர். தொலைவிலிருந்து கொண்டுவந்தால் தண்ணீருக்கு வண்டி வாடகை கொடுப்பதாகும். ஆகவே அருகிலுள்ள தோட்டத் தண்டுகளோடு, திருநெல்வேலி நயினார்குளம் சந்தையில் அன்றாடம் மிஞ்சும் காய்கறிக் கழிவையும் உணவகக் கழிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கலவாமல் பிரித்துத் தருவதற்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வாங்குங்கள். உள்ளே போகும் பொருளின் பெரும்பகுதி கரைசலாகவே வெளியே வரும். அதை எந்த வயல்கள் எந்த மாதத்தில் வாங்கும் என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். இவ்வகை இயற்கை உரத்துக்கு டன்னுக்கு ரூ.1,500 சந்தை உதவித்தொகையை மத்திய அரசு 2023இல் அறிவித்தது.

பதில்: தூத்துக்குடி, எரிவாயுக் குழாய்ப் பணியாளர்

குழாயில் செலுத்த விரும்பினால், இரவில் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். டென்மார்க்கில் எரிவாயுக் கட்டமைப்பில் ஐந்தில் இரண்டு பங்களவு உயிரி மீத்தேன் ஓடுகிறது. அங்கே வீடுகளைச் சூடாக்கவும் எரிவாயு செலவாகிறது. நம் வீடுகளில் சமையலுக்கு மட்டுமே, அதுவும் காலையிலும் மாலையிலும். கலனில் நுண்ணுயிர்கள் இரவிலும் வேலை செய்யும். தெருக்களில் 4 பார் (பார் என்பது அழுத்த அலகு) அழுத்தத்தில் ஓடும் பாலித்தீன் குழாய், வீடுகள் எடுக்கும் அளவைத்தான் உங்களிடமிருந்து ஏற்கும். மிஞ்சுவதை எரித்து வீணாக்க நேரிடும். எஃகுக் குழாயில் அழுத்தம் 49 பார் வரை போகும். அதில் செலுத்த, வாயுவை அழுத்தும் பொறியான அமுக்கிக்கு (கம்ப்ரசர்) மின்செலவு உண்டு. ஆயினும் சிஎன்ஜி பங்க்குகளும், இரவிலும் இயங்கும் தொழிற்சாலைகளும் அதே குழாயிலிருந்து எடுத்தால் வாயு தேங்காது.

143 கி.மீ. நீள ராமநாதபுரம்–தூத்துக்குடி குழாய் 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆனால் பெருங்குழாய் மாவட்டத்துக்கு வந்திருப்பது மட்டும் போதாது. உங்கள் நிலத்திலிருந்து அருகிலுள்ள எஃகுக் குழாய் எத்தனை கிலோமீட்டர் என்பதை விநியோக நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். தொலைவு அதிகமானால், முதலில் உருளைத் தொகுதிகளில் அடைத்துப் பங்க்குகளுக்கு அனுப்புவதே நல்லது.

வினா எழுப்பியவர்

மூவருக்கும் மிக்க நன்றி. நிலம் பார்ப்பதை நிறுத்தி வைத்துவிட்டு, சந்தைக் கழிவை நாள்தோறும் எடைபோட்டுக் குறிக்கும் பணியைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் முன்வைக்கிறேன். அந்தக் கணக்கை மழைக்காலத்துக்கும் கோடைக்கும் தனித்தனியே எடுக்க வேண்டுமா என்பதையும் அம்பாசமுத்திரம் அண்ணாச்சி தெரிவித்தால் உதவியாக இருக்கும்.