செட்டிநாட்டு வீட்டுக்கு விலை மதிப்பிடத் தெரிந்தவர் வேண்டும்

காரைக்குடி அருகே, 1920களில் கட்டிய எங்கள் பூர்வீக வீட்டை விற்க வேண்டியிருக்கிறது. பங்காளிகள் எல்லோருக்கும் சம்மதம். விலைதான் படியவில்லை.

முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாங்கட்டு எல்லாம் அப்படியே இருக்கின்றன. பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடி கல் பதித்த தரை, இன்னும் மின்னும் சுண்ணாம்புப் பூச்சு. பின்கட்டு ஓட்டில் மட்டும் ஒழுகல்.

போன தையிலிருந்து அலைகிறோம். தரகர்கள் மனைக்கு மட்டும் சென்ட் கணக்கில் விலை சொல்கிறார்கள். மதிப்பீட்டாளர் ஒருவர் தேய்மானம் கழித்து, கட்டடத்துக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார். பழம்பொருள் வியாபாரிகள் நல்ல பணம் தருகிறார்கள், ஆனால் தூணையும் நிலைக்கதவையும் பெயர்த்துக்கொண்டு போக. அதற்கு மனசு வரவில்லை.

இந்த வேலைப்பாட்டையும் கணக்கில் எடுத்து மதிப்பீட்டு அறிக்கை தருபவர் மதுரை, திருச்சி பக்கம் யாராவது இருக்கிறார்களா?