சோளக்காட்டுச் சந்தையில் பாதியாகிப் போன மிளகு விலை

2019 பிப்ரவரியில் இரண்டு மூட்டை மிளகுடன் கொல்லிமலை சோளக்காட்டுச் சந்தைக்குப் போயிருந்தேன். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சார்த்தி, ஆட்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறித்த காய் அது. மூன்று கிலோ பச்சைக் காயைக் காயவைத்தால் ஒரு கிலோ மிளகுதான் தேறும். மூன்று ஆண்டுகளுக்கு முன் கிலோ 600 ரூபாய்க்கு மேல் விற்ற எனக்கு, அன்று வியாபாரி சொன்ன விலை 320. அவர் சரக்கில் குறை சொல்லவில்லை. “அண்ணே, மிளகு நல்லா கனமாத்தான் இருக்கு. கொச்சியிலேயே விலை இல்லைங்க. இலங்கை வழியா வியட்நாம் சரக்கு இறங்குது, நான் என்ன பண்ணட்டும்?” என்றார்.

அதன் பிறகுதான் வெளிநாட்டு மிளகு உள்ளே வர வழிவிடும் வணிக ஒப்பந்தங்களைத் தேடிப் படித்தேன். 2009 ஆகஸ்டில் வியட்நாம் உள்ளிட்ட தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் கையெழுத்தான ஒப்பந்தம், மிளகின் இறக்குமதி வரியை 70 விழுக்காட்டிலிருந்து படிப்படியாக 50 ஆகக் குறைத்தது. ஐம்பதும் பெரிய வரிதானே என்று தோன்றலாம். ஆனால் 1998-இல் கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 2,500 டன் மிளகுக்கு வரியே கிடையாது. அதற்கு மேல் வருவதற்கும் தெற்காசிய நாடுகளுக்கிடையிலான தடையற்ற வணிக ஒப்பந்தப்படி 8 விழுக்காடுதான். இந்த இடைவெளியில்தான் வியட்நாம் மிளகு இலங்கைச் சரக்கு என்ற சான்றிதழோடு நுழைகிறது என்பது மிளகு விவசாயிகளின் நெடுநாள் குற்றச்சாட்டு. கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் இறக்குமதி கூடாது என்று 2017 டிசம்பரில் மத்திய அரசு விதித்த பிறகும், அந்த 500 என் கைக்கு வரவே இல்லை.

மிளகுச் சாறு எடுத்து ஏற்றுமதி செய்யும் பெரிய ஆலைகளுக்கு வெளிநாட்டு மிளகை வரியின்றி வாங்க வழி இருக்கிறது. மலிவு அவர்களுக்கு ஆதாயம். அதே மலிவு எங்களுக்குப் பறிப்புக்கூலிக் கடன். எங்கள் பிழைப்பைத் தொடும் இந்த ஏற்பாடு பற்றி எங்கள் கிராம சபையில் ஒருவரும் ஒரு சொல் கேட்டதில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். 2019 நவம்பரில், ஆசியான் நாடுகளும் சீனா, ஜப்பான் போன்ற நாடுகளும் சேர்ந்து பேசிவந்த ஆர்சிஇபி என்ற பெரிய வணிக ஒப்பந்தத்தில் சேரப்போவதில்லை என்று பாங்காக்கில் இந்தியா அறிவித்தபோது நிம்மதியாக இருந்தது; ஆனால் பழைய ஒப்பந்தங்கள் அப்படியே நின்றன.

தாண்டிக்குடி, கூடலூர்ப் பக்கம் மிளகுக்கொடி வைத்திருப்பவர்கள், அந்த ஆண்டுகளில் என்ன விலைக்கு விற்றீர்கள் என்று எழுதுங்கள்.