அயர்லாந்தின் ரோஸ்காமன் மாவட்டத்தில் உள்ள பழைய தொல்லியல் இடமான ரத்க்ரோகன், அங்கிருக்கும் ஓவினகாட் குகை பக்கம் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கால்வேக்காரி:
ஓவினகாட் குகைக்குள் போய் வந்ததிலிருந்து ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் டல்ஸ்க் ஊர், ஐரிஷ் பழங்கதைகளில் ரத்க்ரோகனில் இருந்து ஆண்ட மேவ் ராணி, காளைக்காக அவள் படை திரட்டிய கதை எல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் நேரே குகை வாசலுக்கு வருகிறேன். வயலோரத்தில் முள்மரத்தடியில் முயல் பொந்து மாதிரி ஒரு திறப்பு. குனிந்து, உட்கார்ந்து, கடைசியில் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டுதான் உள்ளே போக முடியும். நுழைந்த உடனே வழிகாட்டி "மேலே பாருங்கள்" என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். முகத்துக்கு மிக அருகில், கூரைக் கல்லின் விளிம்பில் வரிசையாகக் கீறல்கள். ஓகம், அதாவது கல் விளிம்பில் கோடுகளாகக் கீறும் பழைய ஐரிஷ் எழுத்து. 'மேவின் மகன் ஃப்ரேக்' என்று படிக்கிறார்கள். கதையில் வரும் அதே மேவ்தானா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மனிதனின் பெயர் என்பதில் சந்தேகமில்லை.

அப்புறம் கீழே இயற்கைக் குகைக்குப் போனோம், விளக்குகளை அணைக்கச் சொன்னார், கும்மிருட்டு, காலடியில் சேறு, எங்கோ நீர் சொட்டும் சத்தம். எல்லோரும் அந்த இருட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கல்தான். ஒருவன் பெயர் நிற்கட்டும் என்று நட்ட கல்லைப் பிடுங்கிப் படுக்கப் போட்டு, சுரங்கப் பாதைக்குக் கூரையாக்கியிருக்கிறார்கள். எப்படி மனசு வந்தது அவர்களுக்கு?

ரோஸ்காமன்வாசி:
குகை, குகை என்று எல்லோரும் அங்கேயே ஓடுகிறீர்கள். ஹாலோவீன் பிறந்த இடம் என்று விளம்பரம் வந்த பிறகு இன்னும் மோசம். ரத்க்ரோகனின் பெரிய மேட்டின் மேல் ஏறிப் பத்து நிமிஷம் நின்றிருக்கிறீர்களா? கீழிருந்து பார்த்தால் வெறும் புல்மேடு. குறுக்களவு கிட்டத்தட்ட 90 மீட்டர், உயரம் ஆறு மீட்டருக்குள்தான். "இவ்வளவுதானா" என்று படம் எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிடுகிறார்கள்.

நான் போனபோது மாடு பார்க்க வந்த ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். கையிலிருந்த குச்சியால் வயலில் ஒரு பெரிய வட்டம் காட்டினார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. "நீ அதற்குள்ளேதான் நிற்கிறாய்" என்றார். 1990களில் கால்வே பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மண்ணைத் தோண்டாமலேயே கருவிகளை வைத்து அளந்தபோது, மேட்டைச் சுற்றி 360 மீட்டர் குறுக்களவில் ஒரு வட்ட அடைப்பு இருந்த தடம் தெரிந்தது. மேட்டுக்குள்ளும் வட்டங்கள். அவர் குச்சியை வீசிக் காட்டிய அந்த வீச்சு இப்போதும் கண்ணிலேயே நிற்கிறது. குகையை மட்டும் பார்த்துவிட்டு ரத்க்ரோகன் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள் தங்கச்சி.

கேசில்ரே நர்ஸ்:
இரண்டு பேர் சொல்வதும் சரிதான், எதற்குச் சண்டை. டல்ஸ்க் பக்கத்தில் ஒரு பாட்டி வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, குகைக்குப் போகிறோம் என்று சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பவர், ஒரு தடவைகூட உள்ளே போனதில்லையாம். பயமா என்று கேட்டேன். "பயம் இல்லை. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை" என்றார். ஹாலோவீனுக்கு மூலமான சௌவின் (Samhain) என்ற பழைய ஐரிஷ் பண்டிகை இரவில் அந்த வழியாகத்தான் மொரீகன் என்ற போர்த் தெய்வம் வெளியே வருவாள், நாட்டையே பாழாக்கும் பறவைகளும் பன்றிகளும் வரும் என்ற கதைகளைச் சின்ன வயதிலேயே கேட்டவர். வாசலில் அந்த முள்மரத்தைப் பார்த்ததும் அவர் கோப்பையை வைத்த விதம்தான் ஞாபகம் வந்தது. நான் உள்ளே போகவில்லை. வீட்டுக்காரர் போய் வந்தார்.

லாங்ஃபோர்ட் அண்ணாச்சி:
நானும் குழந்தைகளோடு போனேன். ராஜாக்களின் இடுகாடு என்று சொல்லும் இடத்துக்குப் பக்கத்தில், டாதி மன்னனின் கல் என்கிற சிவப்பு மணற்கல் தூணைச் சின்னவள் கட்டிப்பிடித்துக்கொண்டு வர மறுத்தாள். அதுதான் என் அனுபவம்.

போகப் போகிறவர்களுக்குச் சில விஷயம். முதலில் டல்ஸ்கில் இருக்கும் பார்வையாளர் மையத்துக்குப் போங்கள். சுற்றுவட்டாரத்தில் 240க்கு மேல் தொல்லியல் இடங்கள் இருக்கின்றன, சொல்ல ஆளில்லாவிட்டால் எல்லாம் புல்தான். குகைக்கு வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள், சுற்றிலும் தனியார் பண்ணை நிலம். ரயிலில் வந்தால் கேசில்ரே அல்லது ரோஸ்காமனில் இறங்கலாம், அங்கிருந்து கார் வேண்டும். ரப்பர் பூட்ஸ் போடுங்கள், மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த கேட்டை மூடுங்கள். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகவே போகாதீர்கள், நாயோடு போனால் இன்னும் ஆபத்து. உச்சி வெயிலில் போவதைவிடச் சூரியன் சாயும் நேரத்தில் போங்கள், அப்போதுதான் மேடு பள்ளங்களின் நிழல் நீண்டு வரப்புகள் எழுந்து தெரியும். மெட்டல் டிடெக்டர் ஆசை இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அனுமதியில்லாமல் பழம்பொருள் தேட அதைப் பயன்படுத்துவது இந்த நாட்டில் குற்றம். குகைக்குள் மெழுகுவர்த்தி, காசு, ரிப்பன் எதுவும் வைக்காதீர்கள். நேரம் மிச்சமிருந்தால் ஸ்ட்ரோக்ஸ்டவுனில் பஞ்சத்தைப் பற்றிய அருங்காட்சியகம் பாருங்கள். குழந்தைகளுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள், வயலில் கடை கிடையாது.

கெர்ரி ராஜா:
அண்ணாச்சி, மேலே தங்கச்சி ஒரு கேள்வி கேட்டார்களே, அதற்கு யாருமே பதில் சொல்லவில்லை. கல்லைப் பிடுங்கிக் கூரை போட்டது ஓவினகாட்டில் மட்டும் நடந்ததில்லை. இங்கே கெர்ரியில் டன்லோ போய்ப் பாருங்கள். சாலையோரத்தில் ஓகம் கற்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். அவற்றில் ஏழு கற்கள் பக்கத்தில் கூல்மகோர்ட்டில் ஒரு நிலவறைக்குள், அதாவது ஓவினகாட் வாசலில் இருப்பது போன்ற ஒரு சுரங்கப் பாதைக்குள் இருந்தவை. 1838இல் அது வெளிப்பட்டபோது எல்லாமே கூரையும் தாங்குகல்லுமாகக் கிடந்தன. ஓகம் எழுதுவது வழக்கொழிந்து, நட்டவனின் பேரன் பேத்திகளும் போன பிறகு, நீளமான நல்ல கல் ஒன்று வயலில் நின்றால் வீடு கட்டுகிறவன் எடுக்கத்தான் செய்வான். நிலவறை என்பது தானியம் வைக்கவும், கொள்ளைக்காரன் வந்தால் பிள்ளைகளை ஒளித்துவைக்கவும் கட்டியது. அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

நான் போன அன்று மழை. ஓகம் கீறல்கள் கல்லின் விளிம்பில்தான் இருக்கும் என்பதால் முன்னால் நின்றால் பாதிதான் தெரியும், பக்கவாட்டில் போய்க் குந்திப் பார்க்க வேண்டும். ஒரு கல்லில் கீறல்கள் அப்படியே கூர்மையாக, நேற்று வெட்டியதுபோல இருந்தன. வெளியே நின்றிருந்தால் இத்தனை நூற்றாண்டு மழையில் அவை கரைந்திருக்கும். மண்ணுக்கடியில் கூரையாகக் கிடந்ததால்தான் ஃப்ரேக்கின் பெயரும் உங்கள் கண்ணுக்குக் கிடைத்தது, தங்கச்சி.