செய்ன் நதியில் இறங்கலாமா? ‘வடமராட்சி உறவுகள்’ குழுவில் ஒரு சனிக்கிழமை

தம்பி (பரிஸ்), காலை 9.12
அம்மா விடமாட்டேன் என்கிறார். எல்லோரும் தீர்ப்புச் சொல்லுங்கள். பேர்சியில் செய்ன் நதிக்குள் இறங்கிக் குளிக்கலாமா, கூடாதா?

சித்தி, 9.13
நேற்றிரவு கொட்டிய மழை முழுவதும் அந்த ஆற்றுக்குள்தான் இருக்கிறது. தீர்ப்பு முடிந்தது.

தம்பி, 9.15
1923 முதல் இருந்த தடையை நீக்கி, 2025 ஜூலை 5ஆம் திகதி மூன்று இடங்களைத் திறந்தார்கள். 140 கோடி யூரோ செலவழித்துச் சுத்தப்படுத்தியது வேடிக்கை பார்ப்பதற்கா? 2024இல் அப்போதைய மேயரே இறங்கி நீந்தினார்.

பெரிய மாமா (பருத்தித்துறை), 9.21
மேயர் இறங்கும் நாளில் தண்ணீரைப் பத்துப் பேர் பார்த்திருப்பார்கள். நீ இறங்கும் நாளில் யார் பார்ப்பது?

தம்பி, 9.22
தினமும் பரிசோதிக்கிறார்கள் மாமா. பச்சைக் கொடி என்றால் குளிக்கலாம், சிவப்பு என்றால் கூடாது. அக்கா, நீங்கள் ஆய்வுகூடத்தில்தானே வேலை செய்கிறீர்கள், சொல்லுங்கள்.

நான், 9.34
தினமும் பார்ப்பது உண்மை. ஆனால் போத்தலில் எடுத்த தண்ணீரில் பக்டீரியாவை வளர்த்து எண்ணி முடிக்க ஒரு நாளாகும், சில முறைகளில் இரண்டு நாள். கையில் கிடைக்கும் எண் நேற்றைய ஆற்றினுடையது. அந்தத் தண்ணீர் இந்நேரம் உங்களைக் கடந்து போயிருக்கும்.

அண்ணா (லண்டன்), 9.36
தினமும் பார்க்கிறார்களா? இங்கே கடற்கரைகளில் வாரத்துக்கு ஒரு போத்தல் எடுத்தாலே பெரிய காரியம்.

சித்தி, 9.38
பெட்டி ஒன்றைத் தண்ணீருக்கு அருகில் வைத்தால் உடனே சொல்லிவிடும் என்று செய்தியில் காட்டினார்களே?

நான், 9.52
அது இருக்கிறது சித்தி. இங்குள்ள ஃப்ளூயிடியன் என்ற நிறுவனம் செய்யும் கருவி அந்த வகை. குடலில் வாழும் ஈ.கோலை பக்டீரியாவிடம் குளுக்குரோனிடேஸ் என்ற நொதியம் உண்டு. அது உடைக்கக்கூடிய இரசாயனம் ஒன்றைத் தண்ணீரில் கலந்து சூடாக வைத்தால், உடைந்த துண்டு புறஊதா ஒளியில் ஒளிரும். பக்டீரியா அதிகமென்றால் ஒளி சீக்கிரம் வரும், குறைவென்றால் தாமதமாகும். எவ்வளவு நேரத்தில் ஒளிர்ந்தது என்பதிலிருந்து கருவி எண்ணிக்கையைக் கணக்கிடுகிறது. மாதிரியை ஆய்வுகூடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. ஆனாலும் சில மணி நேரம் ஆகும், தண்ணீர் சுத்தமாக இருந்தால் அரை நாள்கூட ஆகலாம். காலையில் வைத்தால் பிற்பகலுக்குள் பதில் கிடைப்பதே எங்களுக்குப் பெரிய விஷயம்.

தம்பி, 9.53
நொடியில் சொல்லும் கருவியே இல்லையா?

நான், 9.58
உண்டு. கழிவுநீரில் இருக்கும் டிரிப்டோஃபன் (ஓர் அமினோ அமிலம்) போன்ற பொருட்களின் ஒளிர்வை அளக்கும் உணரிகள் அவை. ஆனால் பாசியும் மக்கிய இலையும்கூட ஒளிரும், அதனால் அவை ஊகம்தான் சொல்கின்றன. ஒரு கருவியை ‘உடனடி’ என்று யாராவது விற்க வந்தால், எண்ணுகிறதா ஊகிக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன். டிஎன்ஏவைப் பார்க்கும் முறையும் சில மணி நேரத்தில் முடியும். அமெரிக்காவின் சான் டியேகோவில் 2022 முதல் கடற்கரைகளுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதற்கு ஆய்வுகூடம் வேண்டும், செத்த பக்டீரியாவும் கணக்கில் சேரும்.

பெரிய மாமா, 10.04
2024 டிசம்பரில் இங்கே எலிக்காய்ச்சலால் எவ்வளவு பயந்தோம் என்று மறக்கவில்லை. அதையும் அந்தப் பெட்டி காட்டுமா?

நான், 10.09
காட்டாது மாமா. ஈ.கோலையும், குடலில் வாழும் இன்னொரு பக்டீரியாவான என்டரோகொக்கஸும் தண்ணீரில் மலம் கலந்திருக்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவே. எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீரிலிருந்து, தோலில் உள்ள கீறல் வழியாகவும் உள்ளே போகும். பச்சைக் கொடி பறந்தாலும் காலில் புண்ணோடு இறங்கக்கூடாது. தம்பி, போன கிழமை பந்து விளையாடி முழங்காலை உரசிக்கொண்டது நீதானே?

தம்பி, 10.10
அது காய்ந்துவிட்டது.

சித்தி, 10.10
காயவில்லை.

அண்ணா (லண்டன்), 10.12
ஒலிம்பிக்கிலும் இந்த மழைதானே பிரச்சினை?

நான், 10.20
ஆமாம். செய்னில் நீந்தி, பிறகு சைக்கிளும் ஓட்டமுமாகத் தொடரும் ஆண்கள் டிரையத்லானை 2024 ஜூலை 30இலிருந்து மறுநாளுக்குத் தள்ளினார்கள். போட்டிக்கு அனுமதிக்கும் எல்லை 100 மில்லிலீட்டருக்கு 1000 ஈ.கோலை. பரிஸின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெரிய மழையில் நிரம்பினால் ஆற்றில்தான் திறந்துவிட வேண்டும். அதைத் தடுக்கத்தான் ஓஸ்டர்லிட்ஸ் ரயில் நிலையத்தருகே 50,000 கன மீட்டர் கொள்ளும் தொட்டியைக் கட்டினார்கள். என்னைக் கேட்டால், எந்தக் கருவியையும்விட அந்தத் தொட்டிக்குத்தான் அதிகம் நன்றி சொல்ல வேண்டும். கருவி அழுக்கைச் சொல்லும், தடுக்காது.

சித்தி, 10.22
முடிவு என்ன?

நான், 10.24
இன்று வேண்டாம். மழையில்லாமல் இரண்டு மூன்று நாள் போகட்டும், கொடியைப் பார்ப்போம், முழங்காலும் ஆறட்டும். செவ்வாய் மாலை எனக்கு வேலை இல்லை, நானும் வருகிறேன். தண்ணீரை விழுங்கக்கூடாது, வந்தவுடன் குளிக்க வேண்டும்.

தம்பி, 10.25
செவ்வாய் மழை பெய்தால்?

சித்தி, 10.25
நீச்சல் குளத்துக்கு டிக்கெட் நான் வாங்கித் தருகிறேன்.

பெரிய மாமா, 10.31
எனக்கும் ஒன்று எடுத்து வை பிள்ளை, விசா கிடைத்தவுடன் வருகிறேன்.