ஸ்போர்ட்ஸ் காரின் 7 அங்குல ரிம்மில் 245 டயர் பொருத்தலாமா?

வளைவுப்பாதை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது முதல் தலைமுறை டொயோட்டா 86. வாங்கியபோது இருந்த 17 அங்குல அலாய் வீல்களிலேயே 215/45 ஆர்17 அளவு டயர்கள் (அகலம் 215 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், ரிம்மின் விட்டம் 17 அங்குலம்) ஓடுகின்றன. வீலின் அகலம் 7 அங்குலம், ஆஃப்செட் 48 மி.மீ. தேய்மானக் குறி வெளியே தெரியத் தொடங்கிவிட்டதால் நான்கு டயர்களையும் மாற்றியாக வேண்டிய நிலையில், இந்தச் சமயத்திலேயே அகலமான டயருக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறேன்.

என் விருப்பம் 245/40 ஆர்17. கணக்குப் போட்டுப் பார்த்ததில் பழைய டயரின் விட்டம் 625.3 மி.மீ., புதியதன் விட்டம் 627.8 மி.மீ. என்று வருகிறது. வேறுபாடு அரை சதவீதத்துக்கும் குறைவு என்பதால் வேகமானியிலோ கியர் விகிதத்திலோ சிக்கல் வராது என்று நினைக்கிறேன். டயர் கடையில் கேட்டபோது, இதே ரிம்மில் தாராளமாக ஏற்றித் தருகிறோம் என்றார்கள். இருந்தாலும் மனம் ஒப்பவில்லை. பழைய வீலிலேயே இதைப் போடுவது பாதுகாப்பானதா? இல்லையென்றால் எந்த அகலத்தில், எந்த ஆஃப்செட்டில் வீல் வாங்க வேண்டும்? மலைப்பாதை வளைவுகளில் முன்சக்கரங்கள் பிடி தளர்ந்து வெளிப்பக்கமாகத் தள்ளுவதைக் குறைப்பதுதான் என் முதன்மையான நோக்கம்.

ஆரக்கால்:

வணக்கம் நண்பரே. கடையில் சொன்னது பொய்யில்லை. எந்திரத்தில் வைத்து ஏற்றினால் 245 டயர் 7 அங்குல ரிம்மில் ஏறத்தான் செய்யும், காற்றும் நிற்கும். ஆனாலும் தயவுசெய்து போடாதீர்கள்.

ஒவ்வொரு டயர் அளவுக்கும் அது உட்காரக்கூடிய ரிம் அகலத்துக்கு ஒரு கீழ் எல்லையும் ஒரு மேல் எல்லையும் உண்டு. டயர் நிறுவனங்களின் அளவுப் பட்டியலைப் பார்த்தால் 245/40 ஆர்17 டயருக்கு அந்த எல்லை 8 முதல் 9.5 அங்குலம் வரை என்று இருக்கும். டயரின் மேல் அச்சிட்டிருக்கும் 245 என்ற எண்ணே, அந்த டயரை 8.5 அங்குல ரிம்மில் மாட்டி அளந்தால் கிடைக்கும் பெயரளவு அகலம்தான். ரிம் அரை அங்குலம் குறுகினால் டயரின் அகலம் ஏறக்குறைய 5 மி.மீ. குறையும். ஆகவே உங்கள் 7 அங்குல ரிம்மில் அதே டயர் 230 மி.மீ. அளவுக்குத்தான் விரியும். 245 டயரின் எடையைச் சுமந்துகொண்டு 230 மி.மீ. அகலத்தோடு ஓடுவதில் என்ன பயன்?

அகலம் குறைவதைவிடப் பெரிய கேடு டயரின் வடிவம் கெடுவது. ரிம்மில் உட்காரும் டயரின் இரண்டு விளிம்புகளும் இயல்புக்கு மீறி நெருக்கமாக உட்கார வேண்டியிருப்பதால் பக்கச்சுவர்கள் வெளியே பிதுங்கி, சாலையைத் தொடும் தடப்பகுதி நடுவில் மேடாக வளைந்துகொள்ளும். நேராக ஓடும்போது நடுப்பகுதியே மிகுதியாகத் தேயும். வளைவில் பாரம் வெளிச்சக்கரத்தின் மேல் சாயும்போது பிதுங்கிய பக்கச்சுவர் முதலில் மடிந்து, அதன் பிறகே தடம் சாலையைப் பற்றும். ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கும் கார் திரும்புவதற்கும் இடையில் ஒரு தொய்வு தெரிவது இதனால்தான். நீங்கள் போக்க நினைக்கும் குறையை இந்தப் பொருத்தம் கூட்டவே செய்யும். காற்றழுத்தம் சற்றுக் குறைந்திருக்கும் வேளையில் கடுமையாக வளைத்தால் டயரின் விளிம்பு ரிம்மின் இருக்கையை விட்டு நழுவும் ஆபத்தும் உண்டு.

அகலமான டயர் சாலையைத் தொடும் பரப்பு அதிகம் என்று பலரும் நம்புகிறார்கள். அந்தப் பரப்பைப் பெரும்பாலும் முடிவு செய்பவை சக்கரத்தின் மேல் உள்ள பாரமும் காற்றழுத்தமும்தான். உங்கள் கார் ஏறக்குறைய 1,250 கிலோ என்று கொண்டால் சக்கரம் ஒன்றுக்குச் சராசரியாக 310 கிலோ பாரம். 35 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தொடும் பரப்பு 125 சதுர செ.மீ. அளவில் இருக்கும். டயரை அகலப்படுத்தினால் இந்தப் பரப்பு பெரிதாகக் கூடாது. அதன் வடிவம்தான் மாறும், அதாவது நீளம் குறைந்து அகலம் கூடும். அகலமான, குட்டையான தொடுபரப்பு பக்கவாட்டு விசைக்கு விறைப்பாக நிற்பதாலும், வெப்பத்தைத் தாங்க ரப்பர் மிகுதியாக இருப்பதாலும்தான் வளைவில் பிடி கூடுகிறது. பக்கச்சுவர் சரியான அகல ரிம்மில் நிமிர்ந்து நின்றால்தான் அந்த விறைப்பு கிடைக்கும்.

ஆகவே 245 வேண்டுமென்றால் 8.5 அங்குல வீல் வாங்குங்கள். குறைந்தது 8 அங்குலம். இருக்கும் வீலையே வைத்துக்கொள்வதானால் 225/45 ஆர்17 வரை போகலாம். அதற்கு 7 அங்குலம் கீழ் எல்லை. விட்டம் 634.3 மி.மீ. ஆகிவிடும் என்பதையும், அதனால் வேகமானி காட்டுவதைவிட ஒன்றரை சதவீதம் அளவுக்குக் கார் விரைவாகப் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அச்சாணி:

ஆரக்கால் சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். வீல் தேர்வைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் பலரும் பணத்தை வீணாக்குவது அங்கேதான்.

ஆஃப்செட் என்பது வீலின் அகலத்துக்கு நடுவே போகும் கோட்டிலிருந்து, ஹப்பில் (காரில் வீல் மாட்டப்படும் சுழலும் நடுப்பகுதி) போய் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளியே தள்ளியிருக்கிறது என்பதன் அளவு. எண் குறையக் குறைய வீல் வெளிப்பக்கமாக நகரும். இப்போது 7 அங்குல, 48 ஆஃப்செட் வீலைக் கழற்றிவிட்டு 8.5 அங்குல, 40 ஆஃப்செட் வீலை மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். அகலம் ஒன்றரை அங்குலம் கூடுவதால் நடுக்கோட்டின் இருபுறமும் 19 மி.மீ. வளரும். ஆஃப்செட் 8 மி.மீ. குறைவதால் அந்த நடுக்கோடே 8 மி.மீ. வெளியே போகும். ஆக ரிம்மின் வெளி விளிம்பு 27 மி.மீ. வெளியேயும், உள் விளிம்பு 11 மி.மீ. உள்ளேயும் நகர்கிறது. டயருக்கும் இதே கணக்கைத் தனியாகப் போட வேண்டும். 215 டயர் 245 ஆகும்போது பக்கத்துக்கு 15 மி.மீ. கூடும். அதனால் டயரின் பக்கச்சுவர் வெளியே 23 மி.மீ., உள்ளே 7 மி.மீ. நகரும். உரசுவது ரிம்மா, டயரா என்பது இடத்துக்கு இடம் மாறும் என்பதால் இரண்டு கணக்கும் தேவை.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு காரில் அளந்து பாருங்கள். உங்கள் காரின் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பு (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்தது) என்பதால் டயரின் உள்பக்கச்சுவருக்கும் ஸ்ட்ரட் உடலுக்கும் இடையில் உள்ள இடைவெளிதான் முதல் எல்லை. பழைய வீல் மாட்டியிருக்கும்போதே அந்த இடத்தில் களிமண் உருண்டை ஒன்றை வைத்து அழுத்தி எடுத்து, நசுங்கிய தடிமனை அளந்தால் இடைவெளி தெரிந்துவிடும். நகரும் 7 மி.மீ. போக, குறைந்தது 5 மி.மீ. மிஞ்ச வேண்டும், ஏனென்றால் வளைவில் டயர் நெளியும். ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் தட்டு இருக்கும் உயரத்தையும் பாருங்கள். ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்தியிருந்தால் அந்தத் தட்டு டயரின் தோளுக்கு அருகில் வந்துவிட்டிருக்கலாம்.

வெளிப்பக்கத்தில் ஃபெண்டரின் உள்மடிப்பும், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது சக்கரப் பள்ளத்தின் பிளாஸ்டிக் உறையும் இடிக்கும் இடங்கள். கார் நிற்கும்போது இடைவெளி இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் சக்கரத்தை அதன் மேல் எல்லை வரை தூக்கி, இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. நல்ல பட்டறையில் இதைச் செய்து தருவார்கள்.

கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் சக்கரத்தின் சாய்வு பற்றியும் ஒன்று. முன்சக்கரத்தின் மேல்பகுதியை உள்ளே சாய்த்தால் வளைவில் பிடி கூடும், ஃபெண்டரிலும் இடம் கிடைக்கும். ஆனால் அதை எங்கே சாய்க்கிறீர்கள் என்பது முக்கியம். ஸ்ட்ரட்டும், ஹப்பைத் தாங்கும் நக்கிளும் சேரும் போல்ட்டில் சாய்த்தால் டயரின் மேல்பகுதி ஸ்ட்ரட்டை நெருங்கும், நீங்கள் அளந்து வைத்த இடைவெளி கரைந்துவிடும். ஸ்ட்ரட் காரின் உடலோடு சேரும் மேல் மவுண்ட்டில் கேம்பர் தட்டு வைத்துச் சாய்த்தால் ஸ்ட்ரட்டும் சக்கரமும் சேர்ந்தே சாயும், இடைவெளி மாறாது.

வளைவுப்பாதை:

இருவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விளக்கத்தை எதிர்பார்க்கவில்லை. பழைய ரிம்மில் 245 போடும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். இரண்டு ஐயங்கள் மட்டும். பின்பக்கத்துக்கு மட்டும் 245 போட்டு, முன்பக்கத்தில் 215 வைத்துக்கொள்ளலாமா? வீலை வெளியே நகர்த்த ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் இடையில் வைக்கும் தட்டு) போட்டால் செலவு குறையுமா?

மலைமுகடு:

முன் ஒரு அளவு, பின் ஒரு அளவு என்பது உங்கள் நோக்கத்துக்கு நேர் எதிரானது. பின்புறம் எஞ்சின் இருக்கும் போர்ஷே 911 போன்ற கார்களில் பாரம் பின்னால் மிகுதி என்பதால் பின்டயர் அகலமாக இருப்பதற்குப் பொருள் இருக்கிறது. 1973-ஆம் ஆண்டின் கரேரா ஆர்.எஸ். 2.7 காரில் முன்னால் 6 அங்குல ரிம்மும் பின்னால் 7 அங்குல ரிம்மும் கொடுத்தார்கள். உங்கள் காரில் எஞ்சின் முன்னால் இருக்கிறது, பாரத்தில் பாதிக்கு மேல் முன்சக்கரங்களின் மேல் விழுகிறது. பின்னால் மட்டும் பிடியைக் கூட்டினால் முன்சக்கரம் வெளியே தள்ளுவது இன்னும் அதிகமாகும். நான்கும் ஒரே அளவாக இருக்கட்டும். முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்தவும் அது உதவும்.

இனி நான் சொல்லப்போவது மற்ற இருவரின் கருத்திலிருந்து சற்று விலகியது. உங்களுக்கு 245 தேவைதானா என்று கேட்கிறேன். தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடாவின் குழு இந்தக் காருக்கு வேண்டுமென்றே மிதமான பிடியுள்ள டயரைத் தேர்ந்தெடுத்தது. மிதமான வேகத்திலேயே காரின் அசைவை ஓட்டுநர் உணர வேண்டும் என்பதே அதன் கருத்து. 215/45 ஆர்17 அளவில் தொடக்கத்தில் வந்த மிஷ்லின் பிரைமசி எச்.பி. ஒரு சாதாரணச் சாலை டயர். அதே அளவிலோ 225 அளவிலோ, மென்மையான ரப்பர் கலவையில் செய்த நல்ல ஸ்போர்ட்ஸ் டயரை மாட்டிப் பாருங்கள். உங்களைத் தள்ளிக்கொண்டு போகும் அந்த வளைவில் பெரும் பகுதி வேறுபாடு அங்கேயே தெரிந்துவிடும். பிடியில் கலவைக்கு உள்ள பங்கை அகலத்தைக் கொண்டு ஈடுகட்ட முடியாது.

அகலத்துக்கு விலையும் உண்டு. 200 குதிரைத்திறன் எஞ்சினுக்குச் சக்கரத்தின் ஓரத்தில் கூடும் ஒவ்வொரு கிலோவும் சுமைதான், அதைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் ஆற்றல் வேண்டும். மழையில் அகலமான டயர் தேங்கிய நீரைப் பிளந்து வெளியேற்றச் சிரமப்பட்டு, குறுகிய டயரைவிடக் குறைந்த வேகத்திலேயே நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். மலைப்பாதையில் ஓட்டுபவருக்கு இது சிறிய செய்தியல்ல. சாலையில் லாரிகள் பதித்த பள்ளக்கோடுகள் இருந்தால் ஸ்டியரிங் அவற்றின் பின்னால் இழுக்கப்படுவதையும் உணர்வீர்கள்.

அச்சாணி:

மலைமுகடு சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாலையில் மட்டும் ஓட்டுபவர் என்றால் நானும் 225 ஸ்போர்ட்ஸ் டயரையே பரிந்துரைப்பேன். 245-இன் அருமை தெரிவது, டயர் விடாமல் சூடேறும் பந்தயத் தடத்தில்தான்.

ஸ்பேசரைப் பொறுத்தவரை, அது குறுகிய ரிம்மை அகலமாக்காது என்பதால் உங்கள் சிக்கல் அப்படியேதான் இருக்கும். புது வீல் வாங்கிய பிறகு ஸ்ட்ரட்டிலிருந்து 3 அல்லது 5 மி.மீ. விலக வேண்டியிருந்தால் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் ஹப்பில் வீலைப் பிடிக்கும் திருகாணியான ஸ்டட்டில், நட்டுக்குள் ஏறும் மரையின் நீளம், ஸ்டட்டின் விட்டமான 12 மி.மீ. அளவுக்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் நீளமான ஸ்டட் மாற்றுங்கள். சரியான ஆஃப்செட் உள்ள வீலைத் தொடக்கத்திலேயே வாங்குவதுதான் சிறந்தது.

வீல் வாங்கும்போது போல்ட் அமைப்பு 5 துளை, 100 மி.மீ. என்பதையும், நடுத்துளை 56.1 மி.மீ. என்பதையும் பாருங்கள். வெளிச்சந்தை வீல்களின் நடுத்துளை பெரும்பாலும் இதைவிடப் பெரிதாக இருக்கும். அப்படியானால் ஹப்பின் மேல் இறுக்கமாக உட்காரும் மைய வளையம் போட்டால்தான் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங் அதிராது. டயரின் பாரக் குறியீடு பழையதன் 87-க்குக் குறையக்கூடாது. 245/40 ஆர்17 டயர்களில் பொதுவாக 91 இருக்கும், அதாவது டயருக்கு 615 கிலோ வரை தாங்கும். மாட்டிய பிறகு நட்டுகளை முறுக்குக் கருவியால் நிறுவனம் சொன்ன அளவுக்கு முறுக்கி, 100 கி.மீ. ஓடுவதற்குள் மீண்டும் சரிபார்த்துவிடுங்கள். அளவை மாற்றுவதை உங்கள் நாட்டின் வாகனப் பதிவு விதிகளும் காப்பீட்டு நிறுவனமும் ஏற்கின்றனவா என்பதை மட்டும் டயர் வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வளைவுப்பாதை:

தெளிவாகிவிட்டது. இப்போதைக்கு இருக்கும் வீலிலேயே 225/45 ஆர்17 ஸ்போர்ட்ஸ் டயர் நான்கு வாங்கி, முன்பக்கக் கேம்பரைச் சற்றுக் கூட்டிக்கொள்கிறேன். கேம்பரைப் போல்ட்டில் மாற்றினால் ஸ்ட்ரட் இடைவெளி குறையும் என்றீர்கள் அல்லவா, டயர் கடைக்குப் போகும் முன் களிமண் வைத்து அதை அளந்து, கிடைத்த அளவை இங்கே எழுதுகிறேன்.